எதற்கென்று சொல்லாமல் வாங்கிய டிரில்

எங்கள் வீட்டின் நடு அறைக் கூரையில் ஒரே ஒரு கொக்கி இருந்தது. அதில் மின்விசிறி தொங்கியது. சுனாமிக்குப் பிறகு எங்கள் குப்பத்தில் வரிசையாகக் கட்டிக் கொடுத்த கான்கிரீட் வீடுகளில் எங்களுடையதும் ஒன்று. கட்டியவர்கள் அறைக்கு ஒரு கொக்கி போதும் என்று முடிவு செய்துவிட்டுப் போயிருந்தார்கள். அதில் எங்களுக்கும் இத்தனை வருடம் குறை ஒன்றும் தெரியவில்லை. மகள் போன் செய்து விசேஷத்தைச் சொன்ன ஒரு வியாழக்கிழமை காலை, பத்தேகால் மணிக்கு, நான் முதன்முறையாக அந்தக் கூரையை அண்ணாந்து பார்த்தேன்.

பிரசவம் ஐப்பசியில் வரும். ஐப்பசியில் பழவேற்காடு ஏரி ஏறும். தண்ணீர் வாசலுக்கு வராவிட்டாலும் தரைக்குள் வந்துவிடும்; சிமெண்டுத் தரை வேர்த்துக்கொண்டே இருக்கும். வீட்டில் இருப்பது ஒரு கட்டில். அதில் மகள் படுப்பாள். குழந்தைக்குத் தூளிதான். தூளிக்குக் கொக்கி வேண்டும். ஃபேனைக் கழற்றினால் கொசு இரண்டு பேரையும் தூக்கிக்கொண்டு போய்விடும்.

"இன்னாய்யா மேல பாத்துகினு நிக்கறே? ஓணான் கீதா?" என்றாள் மனைவி.

"ஒண்ணுமில்ல. தூளி கட்டறதுக்கு..."

அவள் கையிலிருந்த கரண்டியால் என் வாயைப் பொத்தவில்லை, அவ்வளவுதான். "வாய மூடு. பொறக்கறதுக்கு முன்னாடி அந்தப் பேச்சே இந்த வூட்ல வரக் கூடாது."

பிறப்பதற்கு முன் குழந்தைக்கு எதையும் வாங்குவதில்லை, கட்டுவதில்லை என்பது பல வீடுகளில் உள்ள வழக்கம். மீன்பிடிக்கிற வீடுகளில் அது இன்னும் ஒரு படி மேலே. கடலுக்குக் கிளம்புகிறவனை எங்கே போகிறாய் என்று எங்கள் பக்கம் யாரும் கேட்க மாட்டார்கள். இன்று இவ்வளவு கிடைக்கும் என்று அவனும் சொல்ல மாட்டான். கைக்கு வராததை வாயில் வைப்பதில்லை. அப்படிப்பட்ட வீட்டுப் பெண்ணைக் கட்டிக்கொண்டவன் நான். கடலுக்குப் போனால் வாந்தி எடுப்பேன் என்பதால் ஊர்ப்புற நூலகத்தில் பகுதிநேர வேலை. புத்தகங்களில் தேதி முத்திரை குத்திக் குத்தி, எதையும் நாள் கிழமையோடு ஒரு நோட்டில் எழுதிவைக்கிற பழக்கம் வந்துவிட்டது. மனைவிக்கு இது தெரியும்.

"அந்த நோட்ல ஒரு வரி எழுதினே, நோட்டு ஏரிக்குப் போயிடும். டாக்டர் சொன்ன தேதிய காலண்டர்ல வட்டம் போட்டே, காலண்டரும் போயிடும்."

ஆகவே அன்றைய குறிப்பு இப்படி இருக்கிறது: "வியாழன். மேகம். காற்று திசை மாறி மாறி. ஒரு விஷயம் பற்றி எழுதுவதற்கில்லை." அதற்கடுத்த ஏழு மாதங்களில் இந்தக் கடைசி வாக்கியம் முப்பது இடங்களில் வருகிறது. பின்னால் யாராவது படித்தால் நான் ஏதோ கடத்தலில் ஈடுபட்டிருந்ததாக நினைப்பார்கள்.

வளைகாப்புக்கு மீஞ்சூரிலிருந்து சம்பந்தியம்மா வந்தார். நல்ல மனுஷி, சுத்தக்காரி. செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தவர், பாதத்தைத் தரையில் வைத்தார்; எடுத்தார்; மறுபடி வைத்தார்.

"அண்ணி, மழைக்காலத்துல தரை இப்டித்தான் இருக்குமா?"

"சும்மா, இப்பதான் தொடச்சேன்" என்றாள் என் மனைவி.

"எங்குளுது மாடி வீடு. காஞ்சு கெடக்கும். உங்குளுக்கு ஏன் செரமம்? ஆஸ்பத்திரில இருந்து நேரா அங்கயே இட்டுனு போயிடலாம்னு பாக்கறேன். இடம் சரியா இல்லைனாதான் சொல்றேன், தப்பா நெனச்சுக்காதீங்க."

மனைவி சிரித்துக்கொண்டே காபி கொடுத்தாள். தலைச்சன் பிரசவம் தாய் வீட்டில்தான். ஆஸ்பத்திரி வாசலிலிருந்தே பெண்ணையும் பிள்ளையையும் மாமியார் வீட்டுக்கு அனுப்பிவிட்டு வெறுங்கையோடு குப்பத்துக்குத் திரும்புவது என்றால், அவளுக்கு அதைவிடப் பெரிய தோல்வி இல்லை. ஒன்பதாம் மாதம் கொண்டுவந்து விடுவதாகச் சொல்லி மகளையும் அழைத்துக்கொண்டு அவர்கள் பஸ் ஏறியதும், மனைவி காய்ந்த துணி ஒன்றை எடுத்து வந்து, உட்கார்ந்து, தரையைத் துடைக்க ஆரம்பித்தாள். துணி நனைந்தது. இன்னொன்று எடுத்தாள். நான்காவது துணியில் நான் கேட்டேன்:

"வூட்டுக்கு ஒரு டிரில் மிஷின் வாங்கலாமா? பொதுவா."

அவள் துடைப்பதை நிறுத்தினாள். கூரையைப் பார்க்காமல் இருக்க எவ்வளவு பாடுபடுகிறாள் என்று எனக்குத் தெரிந்தது.

"மிஷின் வாங்கு. ஓட்டை போடாதே. எதுக்குனு எவன்கிட்டயும் சொல்லாதே."

வாடகைக்கு எடுக்கலாமே என்று நினைப்பீர்கள். நானும் விசாரித்தேன். என்றைக்கு வேண்டும் என்று கேட்டார்கள். டாக்டரே உறுதியாகச் சொல்லாததை நான் எப்படிச் சொல்வது? எலக்ட்ரீஷியனைக் கூப்பிடலாம். எங்கள் எலக்ட்ரீஷியன் நாளைக்கு வருகிறேன் என்றால், அது எந்த வாரத்து நாளை என்று தெரியாது. பிள்ளை பிறப்பதற்கும் வீட்டுக்கு வருவதற்கும் நடுவில் கிடைப்பது மூன்று நாள். மிஷின் கையில் இருந்தால்தான் ஆகும்.

ஒரு மாதம் படித்தேன். நூலகத்துக்கு வரும் பழைய பத்திரிகைகளில் இரண்டு கட்டுரைகள் இருந்தன. மகள் மீஞ்சூரிலிருந்து போனில் வீடியோக்கள் அனுப்பினாள். "நைனா, நீ எதுக்குப் பாக்கறேனு எனக்குத் தெரியாது. ஆனா நல்லா பாரு" என்றாள். மரத்துக்கும் இரும்புக்கும் சுற்றினால் போதும். கான்கிரீட்டுக்குச் சுற்றுவதோடு முன்னும் பின்னும் அடிக்கவும் வேண்டும், அதுதான் ஹேமர் டிரில். கம்பியில்லாமல் சார்ஜில் ஓடும் சின்னது வீட்டுக்குக் கச்சிதம், ஆனால் கூரைத் தளத்துக்கு ஆகாது. இதெல்லாம் எனக்குத் தெரிந்திருந்தது. தெரிந்திருந்தும் நடந்ததைத்தான் சொல்ல வேண்டியிருக்கிறது.

பொன்னேரிக்குப் போனது ஒரு சனிக்கிழமை, ஒன்பது இருபது பஸ்ஸில். மனைவியின் தம்பி கூட வந்தான். ஃபைபர் படகு வைத்திருக்கிறான். குப்பத்தில் யார் இன்ஜின் வாங்கினாலும் அவன் காதில் வைத்துக் கேட்டு, தலையாட்டின பிறகுதான் பணம் கொடுப்பார்கள். டிரில் வாங்கப் போகிறேன் என்றதும் சட்டையை மாட்டிக்கொண்டான். எதற்கு என்று கேட்கவில்லை. பஸ்ஸில் ஒரு மணி நேரம் பக்கத்தில் உட்கார்ந்திருந்தும் கேட்கவில்லை.

கடைக்காரர் கேட்டார். அவர் கேட்ட முதல் கேள்வியே அதுதான்.

"எதுக்கு சார்?"

"வீட்டுக்கு."

"வீட்ல எதுக்கு? மரமா, இரும்பா, செவுரா, தளமா?"

தளம் என்ற சொல் என் நாக்கு நுனி வரை வந்தது. "பொதுவா" என்றேன்.

"பொதுவானு மிஷின் கெடையாது சார். டாக்டராண்ட போயி பொதுவா வலிக்குதுனு சொல்வீங்களா?"

எனக்குப் பின்னால் குழாய் வாங்க வந்தவர் ஒருவர் சிரித்தார். மச்சான் கடைக் கூரையைப் பார்த்துக்கொண்டு கண்ணியமாக நின்றான்.

"காலண்டர் மாட்ட" என்றேன்.

"காலண்டருக்கு ஆணி போதுமே."

"பெரிய காலண்டர்."

கடைக்காரர் பின்னால் திரும்பி அலமாரியைத் துழாவினார். பிறகு மூன்று பெட்டிகளை மேசையில் வைத்தார். ஒன்று இரண்டு கைப்பிடியோடு கன்றுக்குட்டி கனம் இருந்தது. நடுவிலிருந்தது வயர் வைத்த ஹேமர் டிரில். மூன்றாவது, சார்ஜில் ஓடுகிற சின்னது. நான் நடுவிலிருந்ததைத் தொட்டேன்.

"அது கான்கிரீட் ஒடைக்கிறது சார். காலண்டர் மாட்றேன்னீங்க?"

கையை எடுத்தேன். மச்சான் அதற்குள் சின்னதைத் தூக்கி, எடை பார்த்து, விசையை அழுத்தி, காதருகே வைத்துக் கண்ணை மூடிக் கேட்டான். குழாய் வாங்க வந்தவரும் எட்டிப் பார்த்தார்.

"சத்தம் சுத்தமா கீது மாமா. இதுதான்."

"ஆனா நான் படிச்சதுல..."

"மாமா." அவன் என் தோளில் கை வைத்தான். "நீ ஒண்ணும் சொல்ல வாணாம். எனக்குத் தெரியும். ஈரத்துல வயரு மிஷின வச்சினு நிக்கக் கூடாது. இது பயமில்ல." ஒரு கண்ணையும் சிமிட்டினான்.

ஈரம் என்றதும் எங்கள் வீட்டுத் தரை என் கண் முன்னால் வந்தது. அக்கா வீட்டு விஷயம் தம்பிக்குத் தெரியாமல் இருக்குமா? வாயைத் திறக்காமலே புரிந்துகொண்டானே என்று நெகிழ்ந்துபோனேன். வாங்கிவிட்டேன். அதோடு வந்த கையேடு பதினொரு மொழிகளில் இருந்தது. தமிழ் இல்லை. ஆங்கிலப் பகுதியை இரண்டு முறையும், மற்ற பத்து மொழிகளில் படங்களையும் பார்த்து முடித்தேன். கட்டிலுக்கடியில் செங்கல் வைத்து, அதன் மேல் பெட்டியை வைத்தேன்.

ஐப்பசியில் ஒரு திங்கட்கிழமை காலை ஐந்து பத்துக்குப் பொன்னேரி ஆஸ்பத்திரியில் பேத்தி பிறந்தாள். சுகப்பிரசவம். வராந்தாவில் மனைவி அழுதுகொண்டும் மூக்கைச் சிந்திக்கொண்டும் நின்றாள்.

"இப்ப சொல்லலாமா?" என்று கேட்டேன்.

"சொல்லித் தொலை."

"தூளி" என்றேன். ஏழு மாதத்தில் முதல் தடவை. பக்கத்தில் போன நர்ஸ் திரும்பிப் பார்த்தார்.

செவ்வாய்க்கிழமை வீட்டில் ஓட்டை போடக் கூடாது என்று ஆஸ்பத்திரியிலிருந்தே உத்தரவு வந்தது. புதன் காலை எட்டு மணிக்கு முக்காலி மேல் ஏறினேன். கையேட்டுப் படத்தில் இருந்த ஆள் கண்ணுக்குக் கண்ணாடி போட்டிருந்தான். என்னிடம் இல்லாததால் மகளின் ஸ்கூட்டி ஹெல்மெட்டைப் போட்டுக்கொண்டேன். டிரில்லைத் தளத்தில் வைத்து அழுத்தினேன். அருமையாகச் சுற்றியது. சத்தம் சுத்தமாக இருந்தது. அரை மணி கழித்து இறங்கிப் பார்த்தபோது கூரையில் ஒரு வெள்ளைப் பொட்டு இருந்தது. விரலால் துடைத்தால் போய்விடும் போலிருந்தது. துடைத்தேன். போய்விட்டது.

அப்போது மச்சான் உள்ளே வந்தான்.

"இன்னா மாமா, படகு வெளிய நிக்குது, நீ ஹெல்மெட்டப் போட்டுகினு வூட்டுக்குள்ள இன்னா பண்றே?"

"படகா? தூளிக்குக் கொக்கி போடறேன்."

"தூளிக்கா!" அவன் அப்படியே கட்டிலில் உட்கார்ந்துவிட்டான். "இந்த மிஷினு தூளிக்கா? ஃபைபர்ல ஓட்டை போடறதுக்குனு நெனச்சு எடுத்தேன் மாமா. என் படகு ஓரத்துல நாலு ஓட்டை போடணும். நீ எனக்காண்டி வாங்கறேனு நெனச்சேன்."

"எனக்குத் தெரியும்னு சொன்னியேடா?"

"தெரியும்னுதான் நெனச்சேன். நீ சொல்லவேயில்லையே."

"நீ கேக்கவேயில்லையே."

"கேக்க மாட்டோமே மாமா!" என்றான் அவன், அவமானப்பட்டவன் போல.

போன் அடித்தது. மனைவி. பின்னணியில் சம்பந்தியம்மாவின் குரல் கேட்டது.

"நாளைக்குப் பத்து மணிக்கு டிஸ்சார்ஜ். அவங்க கார் சொல்லிட்டாங்க. நேரா மீஞ்சூருக்கான்னு கேக்கறாங்க. நான் நம்ம வூட்டுக்குனு சொன்னேன். அப்போ நானும் வந்து இடம் பாக்கறேன், தோதா இல்லைனா அப்டியே இட்டுனு போறேன்றாங்க." குரலைத் தாழ்த்தினாள். "கட்டிட்டியா?"

நான் நடந்ததைச் சொன்னேன். திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். திட்டவில்லை. "சரி, பாரு" என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டாள். கல்யாணமான இத்தனை வருடத்தில் என்னைப் பயமுறுத்திய சில வாக்கியங்களில் அது ஒன்று.

அடுத்த பஸ்ஸில் பொன்னேரி. கடைக்காரர் என்னை மறக்கவில்லை.

"வாங்க சார். காலண்டர் மாட்டியாச்சா?"

"தூளி கட்டணும்" என்றேன், கடை முழுக்கக் கேட்கும்படி. "கான்கிரீட் தளம். நாளைக்குப் பத்து மணிக்கு டிஸ்சார்ஜ். பொண்ணு. ரெண்டே முக்கால் கிலோ."

கடையின் முகமே மாறிவிட்டது. கடைக்காரர் பேனாவைக் காதில் செருகிக்கொண்டு எழுந்தார். பெயிண்ட் வாங்க வந்தவர், பிளம்பர், எதற்கும் வராமல் ஸ்டூலில் உட்கார்ந்திருந்த ஒரு பெரியவர் எல்லோரும் மேசையைச் சுற்றி நின்றார்கள். இந்தத் தடவை என்னிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை, எல்லாரும் சொன்னார்கள்.

"ஃபேனுக்கு மூணு மொழம் தள்ளிப் போடுங்க."

"கம்பி மேல மோதினா அமுக்காதீங்க. நாலு விரக்கடை தள்ளி வேற எடம் பாருங்க."

"கொக்கி திருகறதுனா வாணாம். உள்ள போயி விரியற போல்ட்டு வாங்குங்க. என் பையன் ஏழு வயசு வரைக்கும் தூளில படுத்தான், இன்னும் அந்த போல்ட்டு ஆடல."

"ஏழு வயசு வரைக்குமா?"

"இப்பவும் கேக்கறான்."

கடைக்காரர் அன்று நான் தொட்டுவிட்டுக் கையெடுத்த அதே நடுப்பெட்டியை எடுத்து வைத்தார். "மொத நாளே சொல்லியிருந்தா இந்நேரம் புள்ள தூங்கிகினு இருக்கும் சார்."

"மொத நாள் புள்ளயே இல்லையே."

அவர் கை நின்றது. "வூட்ல சொல்ல வாணான்னாங்களா?"

"ஆமா."

"எங்க வூட்லயும் அப்டித்தான். கேட்டது என் தப்பு." கொக்கி வைத்த விரியும் போல்ட் ஒன்றையும், மிஷினில் மாட்டுகிற கான்கிரீட் பிட்டு ஒன்றையும் பெட்டிக்குள் போட்டார். "இனிமே எவனாச்சும் பெரிய காலண்டர்னு வந்தா, ஒண்ணும் கேக்காம இதையே குடுத்துடறேன்."

குப்பத்துக்குத் திரும்பியபோது கரண்ட் இல்லை. வாடைக் காற்றில் எங்கேயோ கம்பி அறுந்து விழுந்திருந்தது. சார்ஜில் ஓடுகிற மிஷினால் ஓட்டை போட முடியாது. ஓட்டை போடுகிற மிஷினுக்குக் கரண்ட் வேண்டும். இரண்டையும் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துவிட்டு நானும் மச்சானும் எதிரே உட்கார்ந்திருந்தோம். இப்போது எங்களிடம் எல்லா வகையும் இருந்தது.

வியாழன் காலை எட்டு இருபத்தைந்துக்கு ஃபேன் தானாகச் சுற்றியது. எட்டு முப்பதுக்கு நான் முக்காலி மேல். மச்சான் என் இடுப்பைப் பிடித்துக்கொண்டான், பாய்மரத்தைப் பிடிப்பது போல. விசையை அழுத்தியதும் பல்லெல்லாம் கிடுகிடுத்தது. முதல் இடத்தில் கம்பி. நாலு விரல் தள்ளினேன். சிமெண்டுப் பொடி ஹெல்மெட் மேல் மழை போலக் கொட்டியது. டிரில் சட்டென்று உள்ளே வழுக்கிக்கொண்டு போனபோது, இத்தனை வருடம் இந்தக் கூரைக்கு அடியில் தூங்கியவனுக்கு இப்போதுதான் அது சொந்தமானது போலிருந்தது. ஒன்பது ஐம்பதுக்குப் போல்ட் இறுகியது.

"லோடு பாக்கணும்" என்றான் மச்சான்.

மனைவியின் பழைய நூல் புடவையை இரட்டையாக மடித்து, அவன்தான் கட்டினான். முடிச்சு விஷயத்தில் அவனை யாரும் சந்தேகப்பட முடியாது. முதலில் இரண்டு கையாலும் பிடித்துத் தொங்கினான். பிறகு சத்தம் கேட்டு வந்த பக்கத்து வீட்டுக்காரர் தானும் தொங்கினார். எதிர் வீட்டுக்காரர் வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தார். மச்சானுக்கு அதுவும் போதவில்லை. காலை மடக்கி, முழு உடம்போடு தூளிக்குள் ஏறி உட்கார்ந்து, "ஆட்டு மாமா" என்றான். ஆட்டினேன். எழுபது கிலோ. கூரையில் ஒரு முனகல் இல்லை.

கார் கதவு சாத்துகிற சத்தம் கேட்டது. இன்னும் அரை மணியாவது இருக்கிறது என்று நினைத்திருந்தேன். மனைவி வாசலில் நின்றாள், அவளுக்குப் பின்னால் குழந்தையோடு மகள், அவளுக்குப் பின்னால் சம்பந்தியம்மா. தூளி இன்னும் ஆடிக்கொண்டிருந்தது. புடவை ஓரத்தில் மச்சானின் மீசை மட்டும் வந்து வந்து போனது.

"எறங்குடா!" என்றாள் மனைவி. "பச்சப் புள்ள படுக்கறதுக்கு முன்ன எருமமாடு படுத்துடுச்சே!"

"லோடு பாத்தேன் யக்கா."

"லோடா? மொதல்ல கொழவிக்கல்ல வச்சு ஆட்டணும், அப்புறம்தான் புள்ள. இது கூடத் தெரியாதா?"

"அதுவும் லோடுதானே யக்கா. கல்லு பத்து கிலோ வருமா? நான் எழுபது."

மகள் சிரிக்க ஆரம்பித்து, தையல் வலித்து, "நைனா, அவர எறக்கு" என்று சுவரைப் பிடித்துக்கொண்டாள்.

சம்பந்தியம்மா எல்லோரையும் விலக்கிக்கொண்டு முன்னால் வந்தார். செருப்பைக் கழற்றினார். தரையில் பாதத்தை வைத்தார். ஈரம்தான், மறைக்க முடியாது. பிறகு தூளியிடம் வந்தார். மச்சான் இறங்கிய புடவையை இரண்டு கையாலும் பிடித்து, தன் பலத்தையெல்லாம் கொடுத்துக் கீழே இழுத்தார். கூரையைப் பார்த்தார். மறுபடி இழுத்தார். மனைவி அவர் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கொழவிக்கல்லு எங்க அண்ணி?" என்றார் சம்பந்தியம்மா.

மனைவி சமையல்கட்டுக்கு ஓடினாள். கல்லைத் துணியில் சுற்றி அவர்கள் இருவருமே தூக்கி வந்து வைத்தார்கள், மூன்று முறை ஆட்டினார்கள், எடுத்தார்கள். பிறகு பேத்தியை மகள் உள்ளே விட்டாள். பேத்தி ஒரு தடவை உதட்டைச் சுழித்துவிட்டுத் தூங்கிப்போனாள். பதினொன்று ஐந்து.

"மொறைப்படி எல்லாம் மூணாம் மாசம் பேர் வச்சு இட்டுனு போற அன்னிக்குச் செஞ்சுக்கலாம்" என்றார் சம்பந்தியம்மா. அதுவரை பிள்ளை இங்கேயே இருக்கட்டும் என்பதை அப்படிச் சொன்னார். மனைவி காபி போடப் போனாள். சர்க்கரை அன்று மூன்று பங்கு இருந்தது.

காபியைக் குடித்துவிட்டு அவர் மேசையருகே நின்றார். "எந்த மிஷின்ல போட்டீங்க அண்ணா?"

நான் ஹேமர் டிரில்லைக் காட்டினேன். சுற்றுவது, அடிப்பது, கம்பி வந்தால் தள்ளிப்போடுவது என்று எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கவனமாகக் கேட்டார்.

"எங்க வூட்லயும் ரூமுக்கு ஒரு கொக்கிதான். ஃபேன் தொங்குது. ஆஸ்பத்திரில இருந்து நேரா இட்டுனு வந்துடறேன்னு சொல்லிட்டேனே தவிர, எங்க படுக்க வைக்கறதுனு எனக்கே ஒரு ரோசனையும் இல்ல." பெட்டியை மூடி, கொண்டியை மாட்டினார். "இத எடுத்துனு போறேன். மூணு மாசம் இருக்குதில்ல, பாத்துப் போட்டுக்கறோம்."

மச்சான் இதற்குள் சின்ன டிரில்லை மடியில் செருகிக்கொண்டு படகுப் பக்கம் போய்விட்டிருந்தான். அதைக் கேட்க எனக்கு மனம் வரவில்லை. இதை மறுக்க வாய் வரவில்லை. வீட்டு உபயோகத்துக்கென்று தேடித் தேடி வாங்கிய இரண்டில், எங்கள் வீட்டில் ஒன்றும் மிஞ்சவில்லை.

காரின் பின்சீட்டில் குழந்தைக்கென்று ஒரு வெள்ளைத் துணியை மூன்றாக மடித்து விரித்திருந்தார்கள். சம்பந்தியம்மா டிரில் பெட்டியை அதன் மேல் வைத்து, உருளாமல் ஒரு கையால் அணைத்துப் பிடித்துக்கொண்டு, மறு கையை எங்களுக்கு ஆட்டினார்.